எட்மோன் சொன்ன விளையாட்டு

சைகோனில் தமிழ் பேசுகிற நாலு பேரை ஒரு மேசையில் உட்கார வைத்துப் பாருங்கள், தேநீர் ஆறுவதற்குள் சண்டை வந்துவிடும். எந்த ஊர், எந்தக் கோயில், யாருடைய தாத்தா வெள்ளைக்காரனுக்குச் சலாம் போட்டார் என்று எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போய் முட்டும். இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன சலாஹுதீன், தன் பிரியாணிக் கடையில் ஒரு சட்டம் போட்டான். கடை டோங் டு தெருவில், பள்ளிவாசலுக்குப் பின்பக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே கூடுகிறவர்கள், தாங்கள் இப்போது எந்த வீடியோ கேம் விளையாடுகிறார்கள், அது எப்படி இருக்கிறது என்பதை மட்டும்தான் பேச வேண்டும். வீட்டுக் கதை, நோய் நொடி, ஊர் வம்பு எதற்கும் இடமில்லை. மீறினவனுக்கு அடுத்த வாரம் நாற்காலி கிடையாது.

கிறுக்குச் சட்டம்தான். ஆனால் அந்தக் கூட்டம் உடையாமல் நின்றது அந்தச் சட்டத்தால்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

கூட்டம் என்றால் மொத்தமே நாலு பேர். சலாஹுதீன் கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற ஆள். விளையாடுவதெல்லாம் பிணங்கள் எழுந்து வந்து கடிக்கிற விளையாட்டு. தெய்வயானை ஆச்சி பென்தான் என்கிற சந்தையில் துணிக்கடை வைத்திருப்பவள். அவளுடைய விளையாட்டில் ஒரு துறைமுகத்தில் மிளகு ஏற்றி இன்னொன்றில் விற்க வேண்டும். செட்டிநாட்டு ரத்தம் எங்கே போகும் என்று மற்றவர்கள் சீண்டுவார்கள். முத்தையா கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்தவன். புதிதாக எது வந்தாலும் வாங்கி, பாதியில் போட்டுவிடுவான். நாலாவது ஆள் எட்மோன். வயது ஐம்பதைத் தாண்டியவன். அவன் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொன்னால், அதை ஏற்கனவே விளையாடி முடித்தவனுக்கே மறுபடியும் ஆரம்பிக்கத் தோன்றும். அப்படி ஒரு வாய்.

அந்த வாய்க்குச் சோறு போட்டு வளர்த்தவர் அவன் அண்ணன் மிஷேல்.

இருவருக்கும் அப்பா ஒருவர்தான், காரைக்காலிலிருந்து வந்து பிரெஞ்சுக்காரன் வங்கியில் காவல் காத்தவர். மிஷேலின் அம்மா காரைக்கால்காரி. எட்மோனின் அம்மா இந்த ஊர்க்காரி. மூவரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எழுபத்தைந்தில் வியட்நாம் போர் முடிந்து சைகோன் கம்யூனிஸ்டுகள் கையில் விழுந்தபோது எட்மோன் பால்பல் விழுகிற வயதுப் பையன். மிஷேலுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது, விமானத்தில் இடமும் கிடைத்தது. தம்பியின் பெயரை எந்த அலுவலகத்திலும் யாரும் பதிந்திருக்கவில்லை. விமானம் போய்விட்டது, மிஷேல் போகவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, மறுநாளே சீனர்கள் வாழும் சோலோன் பக்கம் சிக்லோ மிதிக்கப் போனார், ஆளை முன்னால் உட்கார வைத்துப் பின்னாலிருந்து மிதிக்கிற அந்த வண்டியை.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, அதை எட்மோன் கண்ணால் பார்த்து வளர்ந்தான். மீன் துண்டு ஒன்று இருந்தால் அது தம்பி தட்டில் விழும். போர்வை ஒன்று இருந்தால் அது தம்பி மேல் கிடக்கும். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும், பழைய கேம் பெட்டி ஒன்றையும் இரண்டு டிவிகளையும் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து, வீட்டு முன்னறையில் மணிக்கணக்குக்கு வாடகை வாங்கும் கடை போட்டுக் கொடுத்தார். அந்தக் கடை பின்னால் இன்டர்நெட் கடையானது, அப்புறம் கேம் கருவிகள் பழுது பார்க்கும் கடையானது. எட்மோனுக்கு லூசியேனைப் பார்த்துக் கட்டி வைத்ததும் அவர்தான். காரைக்கால்காரக் குடும்பம், வீட்டில் தமிழ் இருக்கும் என்று தேடிப் பிடித்தார். தனக்கென்று ஒருத்தியைத் தேடவில்லை. இதையெல்லாம் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதும் இல்லை. சொல்லிக்காட்டாததால், அண்ணன் கொடுப்பதும் தான் வாங்குவதும் இயல்பு என்றே எட்மோன் நினைத்துக்கொண்டிருந்தான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அதற்கு யார் கும்பிடு போடுகிறார்கள்?

இப்படியே இரண்டாயிரத்து இருபத்தொன்று வந்தது. கொரோனாவுக்காக ஆடி மாதம் சைகோனைப் பூட்டினார்கள். சந்து வாயில்களில் மேசை, நாற்காலி, முள்கம்பி எதுவென்று இல்லாமல் கிடைத்ததையெல்லாம் போட்டு அடைத்தார்கள். ஆவணியில் காய்கறிப் பையைக்கூடச் சிப்பாய்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போனுக்கு மாறியது. சட்டம் மட்டும் மாறவில்லை. ஊரே செத்துக்கொண்டிருக்கிறது, குறைந்தது இந்த ஒரு மணி நேரமாவது அதைப் பேசாமல் இருப்போம் என்றான் சலாஹுதீன். எல்லாரும் சரி என்றார்கள்.

எட்மோன் வீட்டில் முதலில் லூசியேன் இருமினாள். பிறகு எட்மோனுக்குக் காய்ச்சல் வந்து போனது. மிஷேலுக்கு வந்தது, போகவில்லை. லூசியேனை மாடியறையில் படுக்க வைத்தான், அண்ணனைக் கீழே. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்தது. கடைசியில் தொண்டர்கள் இரண்டு பேர் முள்கம்பிக்கு மேலே ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இது ஒன்றுதான், அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது என்று போய்விட்டார்கள்.

சிலிண்டர் ஒன்று, ஆள் இரண்டு. எட்மோன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாக அலைந்தான். சைகோன் வீட்டு மாடிப்படி உங்களுக்குத் தெரியாது, ஏணியைச் சுவரில் சாத்தி வைத்ததுபோல் இருக்கும். லூசியேன் மூக்கிலிருந்து குழாயை எடுத்தால் அவள் விரலில் மாட்டிய கருவியில் எண் சரசரவென்று இறங்கும். அண்ணனிடமிருந்து எடுத்தாலும் இறங்கும், கொஞ்சம் மெதுவாக. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இரண்டு பேருமே முன்பைவிட மோசமாக இருந்தார்கள். இப்படியே மாற்றிக்கொண்டிருந்தால் இரண்டு பேரையும் இழப்போம் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. யாரையாவது ஒருவரிடம் வைத்தாக வேண்டும். யாரிடம்?

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சிலிண்டர் மாடியில் லூசியேனிடம் இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த எட்மோனின் போன் அடித்தது. மற்ற மூவரும் ஏற்கனவே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆச்சியின் கப்பல் புயலில் மாட்டியிருந்தது. எட்மோனின் முறை வந்தது.

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். அவனுக்கும் தெரியும். ஆனால் சொன்னால் என்ன நடக்கும்? ஐயோ என்பார்கள், ஜெபம் பண்ணுகிறோம் என்பார்கள், அப்புறம் வாயடைத்துப் போவார்கள். அவனுக்கு வேண்டியது இரக்கம் இல்லை, ஒரு பதில். போதாததற்கு அந்தச் சட்டம். பாழாய்ப்போன மானம் வேறு. "நான் புதுசா ஒண்ணு விளையாடிட்டிருக்கேன்" என்று ஆரம்பித்தான்.

பூட்டிய சந்து. ஒரு வீடு. மேலே மனைவி, கீழே வயதான அண்ணன். ஒரே ஒரு காற்று உருளை. எல்லாவற்றையும் சொன்னான். வீட்டுக் கதைக்கு இடமில்லாத கூட்டம், அவன் வீட்டில் யார் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. படம் எப்படி என்று முத்தையா கேட்டான். இருட்டாக இருக்கிறது என்றான். கையில் பிடித்து விளையாட எப்படி என்று கேட்டதற்கு, தோள்பட்டை வலிக்கிறது என்றான். அவர்கள் சிரித்தார்கள். விளையாட்டின் பெயரைக் கேட்டதற்கு, யாரோ சும்மா செய்துவிட்டிருக்கிறார்கள், பெயரில்லை என்று மழுப்பினான்.

அப்புறம் மூவரும் உற்சாகமாக வாதாடத் தொடங்கினார்கள். விளையாடுகிறவர்கள் அப்படித்தான், இரக்கமே இல்லாமல் யோசிப்பார்கள்.

"அந்தப் பெரியவரை விட்டுடுங்கண்ணா," என்றான் முத்தையா. "அவரால இனிமே கதைக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல."

சலாஹுதீன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு எந்த விளையாட்டும் ஆளைத் திண்டாட விடாது, இரண்டாவது உருளையை எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பான், ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேள் என்றான். கதவெல்லாம் பூட்டியிருக்கிறது என்றான் எட்மோன்.

ஆச்சிதான் கேட்டாள்: "அந்தப் பெரியவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா? அவுக உசுரு. நாமளா முடிவு பண்ண நாம யாரு?"

எட்மோனுக்குச் சுரீர் என்றது. கேட்கவே இல்லையே! போனை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினான். இறங்கும்போதே மனம் பாதி இலேசாகிவிட்டது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அண்ணன் என்ன சொல்வார் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கே கொடுடா என்பார். மீன் துண்டைத் தள்ளிவிட்டதுபோல் இதையும் தள்ளிவிடுவார். அந்த ஒரு சொல் வந்துவிட்டால் பாரம் இறங்கிவிடும்.

மிஷேல் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து, மூச்சை எட்டி எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். எட்மோன் அவர் பக்கத்தில் மண்டியிட்டான். "அண்ணே, அவளுக்கு ரொம்ப மோசமா இருக்கு. ஒண்ணுதான் இருக்கு. என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். சிக்லோ மிதித்த மனுஷர், இன்னும் பிடியில் பலம் இருந்தது.

"எனக்குக் கொடுடா," என்றார். "எனக்குப் பயமா இருக்குடா எட்மோன்."

வெட்கக்கேடு, ஆனால் நடந்தது இதுதான்: எட்மோனுக்குக் கோபம் வந்தது. வாழ்நாள் முழுக்கக் கொடுத்துவிட்டு, இந்த ஒரு தடவை மட்டும் ஏன் கையை இறுக்கிக்கொள்கிறார் என்று கோபம். அந்த மனுஷர் தம்பியிடம் வாய்விட்டு எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை என்பது அப்போது அவன் மண்டையில் ஏறவில்லை.

"இதோ எடுத்திட்டு வர்றேண்ணே," என்று சொல்லி மாடி ஏறினான்.

மேலே லூசியேன் நினைவில்லாமல் கிடந்தாள். நகங்கள் நீலம் பாரித்திருந்தன. குழாயில் கை வைத்தான். எடுக்கவில்லை. வைத்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கீழே தட்டில் கரண்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் வேண்டுமானால் அப்படித் தட்டச் சொல்லி அவன்தான் கரண்டியைக் கொடுத்திருந்தான். தட்டும், நிற்கும், மறுபடி தட்டும். போகவில்லை. போனால் அந்தக் கண்களைப் பார்க்க வேண்டும். பிறகு மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை மேல் மழை கொட்டினால் சைகோனில் வேறெதுவும் காதில் விழாது. மாதாவே நிற்கக்கூடாது, இந்த மழை நிற்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டான்.

நின்றது. கீழே சத்தமில்லை.

வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்து மிஷேலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தம்பியைக் கூட வர விடவில்லை. சில வாரம் கழித்துச் சிப்பாய் ஒருவன் சாம்பல் கலசத்தை இரண்டு கையாலும் நீட்டினான். அதற்குள் லூசியேன் எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தாள். சிலிண்டரைத் தொண்டர்கள் திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள். பெரியத்தான் எப்படிப் போனார் என்று அவள் கேட்டபோது, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடிக்கும், அவன் எடுக்க மாட்டான். ஒரு ஞாயிறு, எட்மோன் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் அடிக்க, லூசியேன் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டாள். இனி தப்பிக்க வழியில்லை. எங்கே போனீர்கள், அந்த விளையாட்டு என்ன ஆயிற்று என்று மூன்று குரலும் ஒன்றாக மொய்த்தன. மேலே மனைவி, கீழே அண்ணன், ஒரே ஒரு காற்று உருளை என்று முத்தையா அதை எங்கெங்கோ தேடியும் கிடைக்கவில்லையாம்.

சலாஹுதீன் மட்டும் வேறு மாதிரிக் குரலில் பேசினான். அன்றைக்கு முதல் முதலாகத் தன் சட்டத்தைத் தானே மீறினான். பள்ளிவாசல் பையன்களோடு சேர்ந்து ஆடி, ஆவணி முழுக்க வீடு வீடாக ஆக்ஸிஜன் கொண்டுபோய்க் கொடுத்தானாம். எட்மோன் அந்த விளையாட்டைச் சொன்ன அன்று கடையில் மேசைக்கடியில் ஐந்து சிலிண்டர் சும்மா நின்றதாம். "அதான்ணே எனக்கு அந்த விளையாட்டு மனசை விட்டுப் போகவே இல்ல. நெசமா ஒருத்தன் கேட்டிருந்தா, அரை மணில கொண்டாந்து நிறுத்தியிருப்பேன்."

எட்மோன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"அதை விடுங்க தம்பி," என்றாள் ஆச்சி. "அந்தப் பெரியவர்ட்ட கேட்டீகளா? என்ன சொன்னாக?"

லூசியேன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முட்டாள் இல்லை. மேலே மனைவி, கீழே அண்ணன் என்றால் அது எந்த வீடு என்று அவளுக்கு இந்நேரம் புரிந்திருக்கும்.

"கேட்டேன் ஆச்சி," என்றான். "'அவளுக்கே கொடுடா'ன்னு சொன்னாரு."

எவ்வளவு நல்ல விளையாட்டு, எழுதினவன் மனுஷன் என்று அவர்கள் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். லூசியேன் கையை நீட்டிப் போனை அணைத்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எனக்குத் தெரியுங்க," என்றாள். "பெரியத்தான் அப்படித்தான் சொல்லியிருப்பாரு. அவரு படத்தை மாதா பக்கத்துல மாட்டுங்க. நான் இருக்கிறவரைக்கும் தெனம் மெழுகுவத்தி ஏத்துறேன்."

எட்மோன் எழுந்து ஆணி தேடப் போனான்.