குனிய மறுத்த தோலுடை

ஒரு தோலைக் கையில் எடுத்தால் போதும், அது எந்தப் பக்கம் இழுபடும், எந்தப் பக்கம் பிடிவாதம் பிடிக்கும் என்று இளம்பரிதி சொல்லிவிடுவான். மாதனூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினேழு வருடமாகத் தோல் வெட்டுகிற வேலை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் பெல்ட்டைத் தடவிப் பார்த்து, "வயித்துப் பக்கத் தோல் சார், நல்லா ஏமாத்திட்டாங்க உங்கள" என்று சொல்லி, அவரைப் பாயசம் சாப்பிடவிடாமல் செய்தவன் அவன்.

கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்தும் அதில் ஏற மாட்டான். பைக்தான். இருநூறு சிசி வண்டி. தினமும் துடைப்பான், வாரம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய் விடுவான். ஆனால் அந்த வண்டியால் என்ன முடியும் என்று அவனுக்கே தெரியாது. சர்வீஸ் ரோட்டில் தப்பான பக்கம் டிராக்டர் வரும். வளைவு திரும்பினால் மாடு நிற்கும். ஷிஃப்ட் விட்ட நேரத்தில் ரோடு முழுக்க ஆட்கள். வளைவு என்றாலே அவன் விரல்கள் தாமாகவே பிரேக்குக்குப் போய்விடும். முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. ஒரே ஒரு வளைவையாவது பிரேக் தொடாமல் முழுசாகச் சாய்ந்து எடுத்துப் பார்த்துவிட வேண்டும். வேறெதுவும் அவன் கேட்கவில்லை.

அதற்கு வழி இருந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பந்தயப் பாதையில் சாதாரண ஆட்களும் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்டார்கள். 'டிராக் டே' என்று பெயர். மூன்று முறை இறங்கலாம், முறைக்குப் பதினைந்து நிமிடம்; ஒவ்வொரு முறைக்கும் 'பேட்ச்' என்று பெயர். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தோலுடை கட்டாயம். முன்கூட்டியே அளவு சொன்னால் வாடகைக்கும் கிடைக்கும்.

"வாடகையா?" என்றான் இளம்பரிதி. "ஆம்பூர்லேந்து போயி வாடகைத் தோல் மாட்டிக்கினு ஓட்டறதா? வெளிய தெரிஞ்சா கட்டிங் செக்‌ஷன்ல நான் தலை காட்ட முடியுமா?"

மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் நண்பன் காஷிஃப் நல்ல மாட்டுத்தோலாகப் பொறுக்கிக் கொடுத்தான். இளம்பரிதி அளவெடுத்து வெட்டினான். அவன் மனைவி அமிர்தவள்ளி வீட்டிலேயே ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுப்பவள். அதே மிஷினில் இரட்டைத் தையல் போட்டாள். முட்டிக்கும் முதுகுக்கும் காப்புத் தகடுகளை வரவழைத்து உள்ளே வைத்தார்கள். மூன்று ஞாயிறு போயிற்று. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, உடம்பில் ஊற்றி வார்த்த மாதிரி இருந்தது.

"வண்டி மேல ஒருவாட்டி உக்காந்து பாருங்க" என்றாள் அமிர்தவள்ளி.

"ஒரு சுருக்கம் இருக்குதா பாரு. தோலப் பத்தி எனக்கே சொல்றியா?"

"எனக்கின்னா, நான் தைக்கறவதானே."

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் பந்தயப் பாதைக்கு வந்தார்கள். அவன் சாதா உடையில் பைக்கில், மற்ற இருவரும் தோலுடையோடு காஷிஃபின் காரில். அங்கே போய்த்தான் அதை மாட்டிக்கொண்டான். பரிசோதகர் தையலை இழுத்துப் பார்த்தார், தோலை நசுக்கிப் பார்த்தார். "எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார். இளம்பரிதிக்கு அங்கேயே பாதி ஜென்மம் கடைத்தேறிவிட்டது. வண்டிக் கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளுக்கு டேப் ஒட்டிக் கொடுத்தார்கள். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மெர்சி என்ற சென்னைப் பெண் வந்திருந்தாள். பல வருடம் பந்தயம் ஓட்டியவளாம்.

"முதல் பேட்ச், வண்டில ஏறுங்க!" என்றாள்.

இளம்பரிதி ஏறி உட்கார்ந்தான். குனிந்தான். குனிய முடியவில்லை. காலர் தொண்டையைப் பிடித்தது, கால்சந்து மேலே ஏறியது. முதுகு பலகை மாதிரி விறைத்து நிற்க, ஹேண்டிலுக்கு இரண்டு விரல் முன்னாலேயே கை நின்றுவிட்டது.

"இன்னா தோஸ்த், கலெக்டர் மாதிரி உக்காந்துக்கினு இருக்கே? குனி" என்றான் காஷிஃப்.

"வர்ல பாய்."

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. ஷூவுக்கு வெட்டும்போது தோல் நீளவாக்கில் இழுபடக் கூடாது. இழுபட்டால் நாலு நாளில் வாயைப் பிளந்துவிடும். பதினேழு வருடமாகக் கைக்குப் பழகிய கணக்கு அது. அதே கணக்கில் தன் முதுகையும் வெட்டியிருக்கிறான். கழுத்திலிருந்து இடுப்புவரை அந்தத் தோல் ஒரு நூல் கூட விட்டுக்கொடுக்காது. தன்னையே ஒரு ஒன்பதாம் நம்பர் ஷூவாகச் செய்து வைத்திருந்தான்.

முதல் பேட்ச் அவன் இல்லாமல் கிளம்பியது. வாடகை உடைகளில் அவன் அளவுக்கு ஒன்றும் மிச்சமில்லை. இளம்பரிதி நேராக நிமிர்ந்தபடியே, போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கண்ணாடில பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அமிர்தவள்ளி அவன் முதுகைச் சுற்றி வந்தாள். தோலைக் கிள்ளிப் பார்த்தாள். "ஏங்க, மேல்பாகம் லாஸ்ட்ல ஏறலன்னா கம்பெனில இன்னா பண்ணுவீங்க?"

லாஸ்ட் என்பது கால் வடிவ அச்சு. அதன்மேல் ஏற மறுக்கும் தோலை நனைத்து, இழுத்து மாட்டி, அப்படியே காயவிடுவார்கள். காய்ந்தபின் தோல் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும்.

"இங்க லாஸ்டுக்கு எங்க போறது?" என்றான்.

"நீங்கதான்."

காஷிஃப் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். ஈரத்தோலைச் சட்டத்தில் இழுத்து மாட்டுவதுதான் அவன் அன்றாட வேலை. டீக்கடைக்காரரிடம் ஒரு குடம் வெதுவெதுப்பான தண்ணீர் வாங்கிவந்து, பழைய துண்டை முக்கி முக்கி முதுகில் பிழிந்தான். தோல் கறுத்து ஊறியது. பிறகு பின்னால் நின்று இடுப்பைப் பிடித்து இழுத்தான். முன்னால் நின்று அமிர்தவள்ளி கணவனின் தலையை டேங்க்கை நோக்கி அமுக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் அண்ணா!"

"ஜாஸ்தி இழுத்தா தையல் போய்டும் தங்கச்சி!"

"அது என் தையல் அண்ணா. இழுங்க!"

தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். பிள்ளைப்பேறா என்று யாரோ கேட்டார்கள். மெதுவாக, முனகிக்கொண்டே, தோல் இறங்கிவந்தது. கை ஹேண்டிலைத் தொட்டது.

"அசையாதீங்க. காயணும்."

வெயிலில், நின்ற வண்டிமேல், டேங்க்கைக் கட்டிக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் படுத்துக் கிடந்தான். இரண்டாவது பேட்ச்சும் அவன் இல்லாமல் போனது. அது போகும் சத்தத்தைத் தலை தூக்காமல் கேட்டான். மெர்சி வந்து தோலைத் தொட்டுப் பார்த்து, பரிசோதகரையும் கூட்டிவந்தாள். அவர் ஒவ்வொரு தையலாக மறுபடி இழுத்துப் பார்த்துத் தலையசைத்தார். "நான் பத்து வருஷமா இங்க இருக்கேன் சார். இப்படி ஒண்ணு பார்த்ததில்ல" என்றாள் மெர்சி.

மூன்றாவது பேட்ச்சில் இறங்கினான்.

முதல் வளைவிலேயே ஹாரன் அடித்தான். முன்னால் போன மெர்சி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது வளைவிலும் அடித்தான். மூன்றாவதில் விரலை மடக்கிக்கொண்டான். இரண்டு சுற்று வரைக்கும் கண் எதிர்த்திசையிலேயே இருந்தது. டிராக்டர் எதுவும் வரவில்லை.

நான்காவது சுற்றில், நீண்ட வலப்பக்க வளைவில், அவன் பிரேக்கைத் தொடவில்லை. மெர்சி சொன்னபடி வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தான். வண்டி சாய்ந்தது. இதற்குமேல் போதும் என்று பயம் சொன்ன இடத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. முதுகுத் தோல் அவனோடு வளைந்து வந்தது. தார் பக்கத்தில் ஓடியது, காதில் காற்று. வளைவு முடிந்து வண்டி தானாக நிமிர்ந்தபோது, தலைக்கவசத்துக்குள் தான் கத்திக்கொண்டிருப்பதை உணர்ந்தான்.

திரும்பி வந்து இறங்கியதும் நிமிரப் பார்த்தான். முடியவில்லை. தோல் குனிந்த வாக்கிலேயே நன்றாகக் காய்ந்துவிட்டது. கை இரண்டும் முன்னால் நீட்டியபடி, ஏதோ தேடுகிறவன் மாதிரி நடந்தான். காஷிஃப் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

மெர்சி வந்தாள். "சார், ரெண்டு பேட்ச் உங்களுக்குப் போயிடுச்சு. சாயங்காலம் நல்லா ஓட்டிப் பழகினவங்க குரூப்ல ரெண்டு பேர் வரல. மூணரைக்கு என் பின்னாடியே வர்றதுன்னா ஒரு தடவ விடறேன்."

மூணரைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"கழட்டிட்டு கொஞ்சம் காலை நீட்டுங்க" என்றாள் அமிர்தவள்ளி.

"கழட்டி மடிச்சு வெச்சா இந்த வளைவு போய்டும். வேணாம்" என்றான். காஷிஃபைத் தோளைப் பிடிக்கச் சொல்லி, நிழலில் நின்ற வண்டிமேல் மறுபடி ஏறிப் படுத்துக்கொண்டான். அமிர்தவள்ளி தக்காளி சாத டப்பாவைத் திறந்து, டேங்க் ஓரமாக நின்று அவனுக்கு ஊட்ட ஆரம்பித்தாள். அவன் மென்றுகொண்டே பாதைக்குப் போகும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.