கயாவில் விட்ட சேனை

குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வைத்தீஸ்வரன் நேரே போவது கொல்லைக்கு. சுவாமி அலமாரி அதற்கப்புறந்தான். ஆபீஸிலிருந்து கொண்டுவந்த அடிக்கோலை மண்ணில் ஊன்றி, சேனைத் தண்டு நேற்றைக்கு இன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். பார்த்துவிட்டு, மாடி ஜன்னலில் நிற்கும் என்னிடம், நான் கேட்காமலே, "முக்கால் அங்குலம் ஓய்" என்பார்.

வங்காளிகள் நடுவே, பவானிபூரில் ஒரே வீட்டின் கீழ்ப்பகுதி அவருக்கு, மாடி எனக்கு. இருவரும் குமாஸ்தாக்கள், அவர் சணல் கம்பெனியில், நான் கப்பல் கம்பெனியில். அவருக்கு நாற்பது வயது, ஒல்லி. டிராமில் இடமிருந்தாலும் நின்றுகொண்டே போவார். உட்கார்ந்தால் கோட்டு கசங்குமாம். அதே கோட்டோடு சாயங்காலம் கொல்லையில் மண்ணில் முழங்காலிடுவார். அப்போது மட்டும் கசங்காது போலிருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன் சமையலறையில் முளைவிட்டிருந்த சேனைத் துண்டு ஒன்றைக் கொல்லையில் நட்டார். அது இலை விட்டுக் குடை பிடித்த சமயம், தகப்பனார் சிரார்த்தத்துக்காகக் கயாவுக்குப் போனார். அங்கே பிண்டம் போட்டவர்கள் ஒரு காய், ஒரு கனி, ஒரு இலை என்று ஆயுசுக்கும் விட்டுவிட வேண்டும் அல்லவா? நான் போனபோது பாகற்காயை விட்டேன். புத்தியுள்ளவர்கள் எல்லாரும் பிடிக்காததாகப் பார்த்துத்தான் விடுவார்கள். இந்த மனுஷர், உயிரையே வைத்திருந்த சேனையை விட்டுவிட்டு வந்தார். "பிடிக்காததை விடறதுக்குப் பேர் விடறதா ஓய்?" என்று என்னிடமே ஒரு கேள்வி வேறு.

விட்டால் விடட்டும். மண்ணில் இருப்பதைத் தோண்டி எங்களுக்காவது கொடுக்கலாமே? மாட்டார். மாடியில் வறுத்தால் வாசனை கீழே வருமாம். நாக்கு விட்டாலும் மூக்கு விடாதாம். அவர் மனைவி நாகலக்ஷ்மி இரண்டு தை மாதம் கேட்டுப் பார்த்து அலுத்துப்போனாள். தோண்டாத கிழங்கு மண்ணுக்குள் பெருத்துக்கொண்டே போயிற்று. போன சித்திரையில், இலைக்குப் பதிலாகப் பூத்துத் தொலைத்தது.

சேனைப் பூவை நான் அதுவரை பார்த்ததில்லை. பூக்கும் வரைக்கும் யார் தோண்டாமல் விட்டுவைக்கிறார்கள்? கசக்கிப் போட்ட பட்டுத் துணி மாதிரி கத்தரிக்காய் நிறத்தில் ஒரு மடல், நடுவே சுருக்கம் விழுந்த ஒரு கொண்டை. வாடையோ செத்த எலி வாடை. ஊரில் பிளேக் நடமாடும் நாளில் அந்த வாடை வந்தால் தெருவே மூட்டை கட்டும். நான் அரிசிப் பானை முதல் டிரங்குப் பெட்டி வரை நகர்த்தி எலியைத் தேடினேன். ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி பாகீரதிக்கு இரண்டு நாளாக வெந்நீர்கூட வயிற்றில் தங்கவில்லை. கீழே வைத்தீஸ்வரன் பூவுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, அதற்கு விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் கோஷால் பாபு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். மீன் சாப்பிடுகிற எங்களுக்கே குடலைப் பிடுங்குகிறதே, சைவக்காரர்கள் நீங்கள் கொல்லையில் என்ன புதைத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. மீன் வாடை இல்லாத வீடு வேண்டுமென்று எட்டு மாதம் அலைந்து பிடித்த வீடு அது. பூவைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் செடி வேரோடு போகாவிட்டால் இரண்டு குடும்பமும் மாதக் கடைசியில் காலிசெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் நான் சண்டைக்கே போனேன். பிள்ளைத்தாய்ச்சியை இழுத்துக்கொண்டு வீடு தேடி அலையச் சொல்லுகிறீரா, பிடுங்கி எறியும் என்றேன். அவர் கோபிக்கவில்லை.

"சாப்பிடறதைத்தான் ஓய் விட்டேன்," என்றார். "பார்க்கறதை விடலியே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பாகற்காயை விட்டுவிட்டு வந்தவன், வெட்கத்தைவிட்டுச் சொல்லுகிறேன், மாடிப்படி ஏறிவிட்டேன்.

ஞாயிறு காலை அவரே மண்வெட்டியை எடுத்தார். யாரையும் தொட விடவில்லை. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு சுற்றிலும் வெட்டி, கடைசியில் விரலாலேயே மண்ணைப் பறித்தார். வெளியே வந்த கிழங்கு சின்ன உரல் அளவு இருந்தது. அதை இரண்டு கையாலும் ஒரு முறை தடவினார். நாகலக்ஷ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வங்காளிகளுக்கும் சேனை என்றால் உயிர், ஓல் என்பார்கள். பார்க்க வந்திருந்த கோஷால் பாபுவிடமே கிழங்கைக் கொடுத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய வேலைக்காரன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு போனான். காலிசெய்யும் பேச்சும் அதோடு போயிற்று. மாடியில் பாகீரதி மூன்று நாளைக்குப் பிறகு ஜன்னலைத் திறந்தாள்.

இனி இந்தக் கொல்லையில் ஒன்றும் இருக்காதே என்று பாபு ஒரு தரம் கேட்டார். வைத்தீஸ்வரன் மண் கையைக் கூப்பி, "ஆர் நேய், பாபு," என்றார். இனி இல்லை என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே, குழியோரம் உதிர்ந்து கிடந்த பாக்களவு பக்கக் கிழங்கு ஒன்றை வலது கால் கட்டைவிரலால் மண்ணுக்குள் தள்ளி, மேலே குதிகாலை வைத்து மெதுவாக அமுக்கினார்.