பாறையில் பதினோரு பேர்

தொண்ணூறுகளில் திருவண்ணாமலையில் சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தவன் நான். என் கூட்டாளி ஒரு பாய். எழுத்து அவர் பொறுப்பு, உருவங்கள் என் பொறுப்பு. எங்கள் வேலை இல்லாத சுவர் செங்கம் ரோட்டில் அப்போது குறைவு.

ஒருமுறை உரக் கம்பெனி ஏஜென்ட் ஒருவர், பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் படும்படி ஒரு பெரிய பாறையில் விளம்பரம் எழுதச் சொன்னார். பாறையின் மேல்பகுதி முன்னால் நீண்டு, கூரை போட்டதுபோல் இருந்தது. பாய் ஓரத்திலிருந்து வெள்ளை அடித்துக்கொண்டு வந்தார். அவருக்கு முன்னால் துடைப்பத்தால் தூசி தட்டிக்கொண்டு போன நான் சட்டென்று நின்றேன்.

"பாய், நிறுத்துங்க!"

காவி நிறத்தில் மனிதர்கள். ஒவ்வொருவரும் விரல் நீளம்தான். கைகோத்து வரிசையாக நின்றார்கள். முகம் கிடையாது. ஆனாலும் ஆடுகிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"மாடு மேய்க்கிறவங்க கிறுக்கியிருப்பாங்க," என்றார் பாய்.

"இல்ல பாய். கலர் மேல நிக்கல, கல்லுக்குள்ள எறங்கிட்டிருக்குது. காலப் பாருங்க. இடுப்புல வச்ச பிரஷ்ஷ குதிகால்லதான் எடுத்திருக்கான். ஒரே இழுப்பு."

பாய் கிட்டே போய் வெகுநேரம் பார்த்தார். "கை நடுங்கவே இல்லப்பா," என்று சொல்லி, டின்னை மூடிவிட்டார்.

மதியம் ஸ்கூட்டரில் வந்த ஏஜென்டுக்குக் கோபம். "இதுக்காகவா நிறுத்தினீங்க? நீங்க எழுதலன்னா வேற ஆளு எழுதிட்டுப் போறான்."

பாய் அசரவில்லை. "இந்த ஊர்ல எழுதறவங்க எல்லாரும் நமக்குத் தெரிஞ்சவங்கதான் சார். ஒருத்தனும் இதுமேல பிரஷ் வைக்க மாட்டான். வேற எடம் காட்டுங்க, நாளைக்கே முடிச்சுத் தர்றோம்."

ஏஜென்ட் முணுமுணுத்துக்கொண்டே, அடுத்த திருப்பத்தில் ஒரு கிணற்றுச் சுவரைக் காட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பென்சிலுமாகத் தனியாகப் போனேன். பாறையைத் தொடாமல், ஒவ்வொருவரையும் அதே அளவில் வரைந்தேன். எட்டாவது ஆளின் ஒரு கால் மட்டும் எனக்கு வரவே இல்லை. நாலைந்து தடவை அழித்த பிறகுதான் புரிந்தது. அங்கே கல் புடைத்திருந்ததால், வரைந்தவன் அந்தக் காலைக் கீழிருந்து மேலாக இழுத்திருக்கிறான். நானும் அப்படியே இழுத்தேன். கால் வந்துவிட்டது! அங்கே யாரும் இல்லாததால் வாய்விட்டே சிரித்தேன்.

நோட்டைக் கல்லூரியில் கொண்டுபோய்க் காட்டினேன். அதைப் பார்த்த சரித்திரப் பேராசிரியை, மாணவர்களோடு பாறைக்கே வந்துவிட்டார். "எவ்ளோ பழசுனு இப்பவே சொல்ல முடியாது. ரொம்ப ரொம்பப் பழசு," என்றவர், "எனக்கு எட்டு பேர்தான் தெரியறாங்க. நீங்க பதினொன்னு போட்டிருக்கீங்களே?" என்று கேட்டார்.

மங்கிப்போயிருந்த மூன்று பேரையும் தள்ளி நின்று குச்சியால் காட்டினேன். ஒருவன் இடுப்பில் மேளம். வரைந்தவன் கால்களை எந்தப் பக்கமிருந்து இழுத்திருக்கிறான் என்றும் சொன்னேன். பேராசிரியை எழுதிக்கொண்டார்.

"சார், அத இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள் ஒரு மாணவி. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய என்னை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. நிதானமாக, முதலிலிருந்து சொன்னேன்.

என் படத்தைச் சட்டம் போட்டுக் கல்லூரியில் மாட்டினார்கள். கீழே எழுதியது பாய்தான். பாறையில் வரைந்தவர் பெயர் தெரியவில்லை என்று ஒரு வரி. பார்த்து வரைந்தவர் என்று என் பெயர் அடுத்த வரி. இரண்டும் ஒரே அளவு எழுத்து.

"என் பேர சின்னதா போடுங்க பாய்," என்றேன்.

"அதெல்லாம் முடியாதுப்பா," என்று கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்தார்.