பிரிண்டருக்கு வைத்த பொட்டு

மகளின் நுழைவுத் தேர்வன்று காலையில்தான் ஹால் டிக்கெட்டை அச்செடுக்க உட்கார்ந்தேன். வைஃபை பிரிண்டர் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. லேப்டாப்போ அப்படி எதுவும் கண்ணில் படவில்லை என்றது. ஒன்பது மணிக்குள் அவள் வடபழனி போய்ச் சேர வேண்டும். மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையும் திறந்திருக்கவில்லை. மோடத்தை மூன்று முறை அணைத்துப் போட்டேன். லேப்டாப்பைத் தூக்கிப் பிரிண்டருக்கு நேராகக்கூடக் காட்டினேன்.

"என்னம்மா, பொண்ணு பாக்கறாங்களா? வைஃபை பட்டனை அமுக்கு" என்றாள் மகள்.

"அமுங்க மாட்டேங்குதுடி!"

அவள் குனிந்து பார்த்தாள். "சந்தனம் காஞ்சு இறுகிப் போயிருக்கு. யாரு வச்சது?"

ஆயுத பூஜைக்கு நான்தான் வைத்தேன். பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல் அந்த இடம் வட்டமாக இருந்தது.

சேஃப்டி பின்னை எடுத்துச் சுரண்டினாள். பட்டன் அமுங்கியது, ஹால் டிக்கெட் வந்தது.

"ஸ்கூட்டருக்கும் வச்சியே, ஹார்ன் அடிக்குமா?" என்று செருப்பை மாட்டியபடி கேட்டாள்.

அவள் கிண்டல் செய்தாள். நான் படியிறங்கி ஓடி, ஹார்னை அடித்துப் பார்த்தேன். குடியிருப்பே எழுந்துகொண்டது.