இரண்டு வயது கூடுதல்

போன சனிக்கிழமை காலை. பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு வாசலில் செல்லத்துரை அண்ணன் வந்து நின்றார். பக்கத்து வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீஸ் கிளார்க். கையில் ஒரு கல்லூரி விண்ணப்ப ஃபாரம் — சண்டைக்கு முந்தியது, எங்கிருந்தோ தேடிப் பிடித்திருக்கிறார்.

"தம்பி, சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரி திரும்பத் திறக்கப் போகுதாம். பெடியனுக்கு இப்பவே எழுதி வைப்பம். பிந்தினால் இடம் கிடைக்காது."

பெடியன் என்றால் அவருடைய ஒரே மகன் தேவன். சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜப்பான்காரன் தோற்றுவிட்டான், போனவர்கள் ஒருவர் இருவராகத் திரும்புகிறார்கள்… தேவன் வரவில்லை. கடிதமும் இல்லை.

ஃபாரத்தை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

பிள்ளையின் படிப்புக்குத் திட்டம் போடுவதில் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. சமையலறைச் சுவரிலேயே ஒட்டி வைத்திருந்தார் — டிசம்பரில் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை, ரிசல்ட் வந்ததும் சிங்கப்பூர், ஆறு வருஷத்தில் டாக்டர். ஒரே ஒரு சிக்கல். தேவன் படு கெட்டிக்காரன். டபுள் புரமோஷன் வாங்கியே வகுப்புகளைத் தாண்டிவிட்டான். கல்லூரியில் சேர வயது போதாது. இரண்டு வருஷம் வீட்டில் சும்மா இருக்கவேண்டும்.

சும்மாவா? அண்ணனா விடுவார்?

அரசாங்க வேலைக்காக வயதைக் குறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் கூட்டினார்! பையன் பிறந்தது யாழ்ப்பாணத்தில், பிறப்புப் பத்திரம் தொலைந்துவிட்டது என்று சத்தியக் கடதாசி எழுதினார். சாட்சிக் கையெழுத்து — அடியேன்.

"ரெண்டு வருசந்தானே தம்பி, ஆருக்கு நட்டம்?" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. குடும்ப விவரம் என்று கடதாசியின் நகல் அவர் ஆபீஸ் ஃபைலிலும் ஏறியது.

சீனியர் ரிசல்ட் வருவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். அடுத்த வருஷம் ஆபீஸில் பட்டியல் எடுத்தார்கள். சயாமில் அவர்கள் போடும் ரயில் பாதைக்கு ஆள் வேண்டும். யார் வீட்டில் பதினெட்டு நிரம்பிய பையன்கள்?

தேவனுக்கு வயது பதினாறு. ஃபைலில் பதினெட்டு.

அண்ணன் மகனின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜப்பான் அதிகாரியிடம் ஓடினார். துணைக்கு நானும் போனேன். அதிகாரியின் மொழிபெயர்ப்பாளன் ஜாதகத்தைப் பார்த்தான், சத்தியக் கடதாசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சாட்சி நீதானா? எது உண்மை?"

மேசைக்குப் பின்னால் சிப்பாய் ஒருவன் நீளக் கத்தியோடு நின்றான். பொய்ச்சாட்சி சொன்னவனை என்ன செய்வார்கள்?

"கடதாசியில இருக்கிறதுதாங்க," என்றேன்.

வாராவாரம் இந்த இடத்தில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற ஆள் இவன்தான், வாசகர்களே. பயந்தாங்கொள்ளி. அண்ணன் அன்றைக்கும் என்னைத் திட்டவில்லை, இன்றைக்கும் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

பிள்ளைகளின் நாளைக்கு நாம் மாதவாரியாகத் திட்டம் போடுகிறோம். போடாமல் இருக்கவும் முடியவில்லை…

சனிக்கிழமை வாங்கிய அந்த ஃபாரத்தில் பெயர், பள்ளி, தகப்பன் வேலை — எல்லாம் எழுதினேன். வயது என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அண்ணன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"எழுதுங்கோ தம்பி," என்றார். "இப்ப உள்ளபடியே பதினெட்டு. பொய் ஒண்டும் தேவையில்லை."

எழுதினேன். அதற்குக் கீழே விண்ணப்பதாரர் கையெழுத்துக்கென்று ஒரு கோடு… அதை நாங்கள் இருவருமே பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.