பொருள்: வீட்டுக்குள் ஆவி புகுதல்

பொதுமக்கள் தரும் மனுவுக்கு மூன்று நாட்களில் ஒப்புகை தர வேண்டும்; முப்பது நாட்களில் பதில் தர வேண்டும். இது அரசாணை. நான் அரசு அலுவலகமொன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இதன் நகலைப் புதிதாகச் சேரும் ஒவ்வொரு உதவியாளரின் மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் என் கையாலேயே செருகியிருக்கிறேன். அதன்மேல் டீ கிளாஸ் வைப்பார்கள்.

காத்திவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம், வழக்குப் போட அவர்களிடம் ஆள் இருக்கிறது. தினமும் மதியம் மூன்று மணிக்கு மேல் அங்கிருந்து அழுகிய முட்டை நெடி கிளம்பும். எனக்குக் கண் எரியும், அவ்வளவுதான். என் மனைவிக்கு வீசிங். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சையும் பிடித்து இழுப்பாள். சொந்த வீட்டில் அவள் மூச்சு விட வேண்டும். நான் கேட்டது அது ஒன்றுதான்.

கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுதினேன். 'கேஸ்' என்று எழுதினால் வழக்கு என்று நினைப்பார்கள். 'வாயு' என்றால் வயிற்றுக் கோளாறு. நல்ல தமிழில் இருக்கட்டும் என்று, 'பொருள்: குடியிருப்பினுள் ஆவி புகுதல் – நடவடிக்கை கோருதல்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தப் பெருமையோடு தபாலிலும் சேர்த்தேன்.

முப்பது நாள் போயிற்று. அறுபது நாள் போயிற்று. எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறியது. டென்ஷனைக் குறையுங்கள் என்றார் டாக்டர். கொதிப்பு மூச்சுப் பயிற்சிக்குக் கேட்கவில்லை, பக்திப் பாடலுக்கும் கேட்கவில்லை. பேய்க்கதைக்குத்தான் கேட்டது. ராயபுரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து கட்டுக் கட்டாக வாங்கி வந்தேன். அட்டையில் ரத்தம், பல், தலைவிரி கோலம். மூன்று மணி நெடி வந்ததும், அவளுக்கு மருந்துப் புகை பிடிக்கும் மெஷினைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன்.

பேய்க்கு நடைமுறை தெரியும். கிணற்றில் தள்ளப்பட்டவள் தள்ளியவன் வீட்டுக்குத்தான் போவாள். 'உரிய அலுவலருக்கு அனுப்பப்படுகிறது' என்று எழுதிக் கைகழுவ மாட்டாள். நூற்றிருபது பக்கத்துக்குள் நடவடிக்கை முடிந்துவிடும். ஒரு கதையில், கோப்பை ஒளித்து வைத்த தலைமை எழுத்தரை அலமாரியே உள்ளே இழுத்துக்கொண்டது. அதை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் நெஞ்சு லேசானது.

"பேய்க் கத படிச்சா ஜனங்களுக்கு பயம் வரும். உங்க மூஞ்சியப் பாருங்க, கல்யாண மாப்ள மாதிரி கீது," என்பாள் மனைவி, இரண்டு மூச்சுக்கு நடுவில்.

எழுபதாவது நாள் மதியம், காவல் நிலையத்திலிருந்து ஓர் ஏட்டு வந்தார். கையில் என் மனு.

"பெரியவரே, ஆவி எந்த ரூம்ல கீது?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. ஒருவர் 'பொருள்' வரியை மட்டும் படித்திருக்கிறார். அடுத்தவர், முதலாமவர் எழுதிய குறிப்பை மட்டும் படித்திருக்கிறார். இப்படியே நான்கு அலுவலகம் தாண்டி, பேய் விசாரணை காவல் நிலையத்துக்கு வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் ஏட்டு புத்தகக் கட்டைப் பார்த்துவிட்டார்.

"இதெல்லாம் நீதான் படிக்கிறியா நைனா?"

"ஆமாம்."

"அதான பார்த்தேன்."

அப்போது மணி மூன்றேகால். ஏட்டு மூக்கைப் பொத்தினார். "இன்னா சார் இது, கலீஜ் நாத்தம்?"

"இதுதான் ஆவி."

"இது கேஸு சார்! ஆவின்னா பேய்தான? படிச்சவரு இப்டி எழுதலாமா?" உள்ளே மனைவி இழுக்கும் சத்தம் அவருக்கும் கேட்டது. குரல் இறங்கியது. "பாவம், அம்மாக்கு ரொம்ப பேஜாரா கீது. ஆனா நான் பேய் இல்லன்னு மட்டும்தான் எழுதலாம். நாத்தத்துக்கு வேற மனு போடு."

அவர்மேல் தவறில்லை. பொருளுக்கு வெளியே அறிக்கை எழுதக் கூடாது. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்த விதி அது. அன்று அந்த விதியைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது.

ஜூன் இருபத்தெட்டில் போட்ட இரண்டாவது மனுவில் 'நச்சுப்புகை' என்று எழுதினேன். மனைவியின் பெயர், வயது, மருத்துவச் சான்று எல்லாம் இணைத்தேன். நெடி வரும் நேரத்தைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். அதற்கும் முப்பது நாள் கடந்தது. இனி ஒரு வாரம்கூட இங்கே இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் முதல் வாரத்தில், மெஷினையும் நான்கு புடவையையும் எடுத்துக்கொண்டு, அவள் புழலில் ஜெயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள்.

"அம்மா எங்க நைனா?" என்றாள் வாசலில் இறால் விற்பவள்.

"புழல்ல."

"அய்யய்யோ! இன்னா கேஸு?"

"கேஸ்தாம்மா," என்றேன்.

மனைவி போன பிறகு கொதிப்பு பேய்க்கதைக்கும் கேட்கவில்லை. கொலைகாரன் செத்துத் தொலைவான். நான் புத்தகத்தை மூடுவேன். ஜன்னல் வழியே அதே நெடி. எந்தப் பேயும் மேற்கே போகவில்லை.

கடைசியில் பதில் வந்தது. காலை பதினோரு மணிக்குத் தலத்தணிக்கை செய்தார்களாம். நெடி எதுவும் உணரப்படவில்லை. மேலும், 'பாதிக்கப்பட்டதாகக் கூறப்படும் நபர் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை என்பதால் மனு முடித்து வைக்கப்படுகிறது.' வசிக்கவில்லையாம். வசிக்க விட்டார்களா?

கடிதத்தில் போட்டிருந்த தேதி ஜூலை இருபத்தேழு, மனு போட்ட இருபத்தொன்பதாம் நாள். என் கைக்கு வந்தது ஆகஸ்ட் இருபத்தொன்பது.