கோழிக்கறி போட்ட மாதர் சங்கம்

வேனை விட்டு எறங்குற யாரையும் நான் நம்புறதில்ல. ஓட்டு கேக்க வர்றவங்களும் வேன்லதான் வருவாங்க, படம் பிடிக்க வர்றவங்களும் வேன்லதான் வருவாங்க. வந்து நம்ம புள்ளைங்க தலையத் தடவிட்டுப் போவாங்க, அதுக்கப்புறம் அந்தக் கையக் காணவே கெடைக்காது. நாவலப்பிட்டிக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல, புள்ளைக் காம்பராவுலதான் எனக்கு வேலை. கொழுந்து எடுக்கப் போற தாய்மாருங்க விட்டுட்டுப் போற கைக்குழந்தைங்களப் பாத்துக்குவேன். அங்க ஜன்னல் பக்கம் நின்னா ரோட்டுல ஏறி வர்ற வேன் எல்லாம் தெரியும்.

கோதுமை மா விலை ஏறி, அரிசி விலை அதையும் தாண்டிப் போன வருஷம் அது. எங்க மாதர் சங்கத்துல ஒரு பீப்பா வச்சிருந்தோம். உலையில அரிசி போடுறதுக்கு முன்னால ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பிடி எடுத்து வச்சு, வாரக் கடைசியில அதுல கொண்டாந்து கொட்டணும். முடியாத வீட்டுக்கு அதுல இருந்து போகும். அந்த வருஷம் போடுற கை கொறைஞ்சு, எடுக்குற கை கூடிப்போச்சு. என் பக்கத்து வீட்டு மருமகப் பொண்ணு அப்ப ஏழு மாசம். ஒடம்புல ரத்தமே இல்ல, இப்படியே போனா பேறுகாலத்துல தாங்கமாட்டான்னு மிட்வைப் அம்மா சொல்லிட்டாங்க. அவளுக்கு அந்தப் பீப்பா அரிசியும், மாமியார் வளர்த்த ஒத்தக் கோழி போடுற முட்டையும்தான் ஆதாரம்.

அந்த நேரத்துலதான் கண்டியில இருந்து ஒரு நிறுவனத்துக்காரங்க வரப்போறதா சேதி வந்துச்சு. இந்தப் பக்கத்துச் சங்கம் ஒண்ணை எடுத்துப் பலப்படுத்தப் போறாங்களாம். பலப்படுத்துறதுன்னா என்னா, டானிக்கா குடுப்பாங்கன்னு கேட்டேன். எங்க சங்கத் தலைவி அக்கா மொறைச்சுச்சு. பீப்பாவ நெரப்பித் தருவாங்க, மரக்கறி விதையும் கோழிக்குஞ்சும் தருவாங்க, அப்புறம் யாரையும் எதிர்பார்க்காம நாமளே நடத்திக்கலாம்னு வெளக்கம் சொல்லுச்சு. சோழியன் குடுமி சும்மா ஆடுமான்னு நான் முணுமுணுத்துக்கிட்டேன்.

வேன் வந்துச்சு. எறங்குனது ஒரு யாழ்ப்பாணத்து மிஸ்ஸும் ஒரு சிங்கள ஐயாவும். மிஸ் எதுக்கெடுத்தாலும் ஓம் ஓம்னு தலைய ஆட்டுனாங்க, ஆனா கண்ணு மட்டும் அடுப்படிப் பக்கமே ஓடிக்கிட்டு இருந்துச்சு. எதைத் தேடுறாங்கன்னு நான் அவங்க பின்னாலயே சுத்துனேன்.

ஸ்கூல்ல இருந்து கதிரை வாங்கியாந்து போட்டிருந்தோம். நல்ல கப்பு இருந்த வீட்டுல இருந்து கப்பு வந்துச்சு. வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புனா லயத்துல வரிசையா இருக்குற அத்தனை வீட்டுக்கும் கேவலம்னு, பீப்பாவுல கெடந்த அரிசிய வழிச்சு எடுத்து உலை வச்சாச்சு. கறிக்கு என்ன பண்றதுன்னு எல்லாரும் முழிச்சப்போ, பக்கத்து வீட்டு மாமியார் முட்டைக்கோழியப் புடிச்சுக் குடுத்துட்டாங்க. வேணாம்னேன். மருமகளே வந்து, பரவாயில்லைக்கா, விருந்தாளிங்கதானேன்னு சொல்லிட்டா.

மிஸ் சாப்பிட்டுக்கிட்டே கேட்டாங்க, மூணு வேளையும் சாப்பிடுறீங்களான்னு. எல்லாரும் ஆமான்னாங்க. பீப்பாவுல அரிசி இருக்கான்னு கேட்டாங்க. நெறைய இருக்குன்னாங்க. பசி வந்தா பத்தும் பறந்து போகும்பாங்க. எங்க லயத்துல ஒன்பதுதான் பறந்துச்சு. மானம் மட்டும் கெட்டியா ஒக்காந்துக்கிச்சு.

கொஞ்ச நாள் கழிச்சு சேதி வந்துச்சு. எடுத்தது எங்கள இல்ல, கீழ்க்கணக்குச் சங்கத்த. கீழ்க்கணக்குன்னா தோட்டத்தோட அடுத்த பிரிவு. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. தலைவி அக்காவோட கூடப்பொறந்த அண்ணன் கீழ்க்கணக்குலதான் இருக்காரு. நெருப்பில்லாம புகையுமா? பீலியில தண்ணி புடிக்கும்போது கூட நான் அக்காவோட பேசல. அங்க மூட்டை எறங்குது, இங்க அந்தப் பொண்ணு காலையில ரொட்டி, மத்தியானம் கெழங்கு, ராத்திரி வெறும் தேத்தண்ணி. கண்ணுக்குக் கீழ கருப்பு ஏறிப்போச்சு.

பொறுக்க முடியாம ஒருநாள் லீவு போட்டுட்டுக் கண்டிக்கு பஸ் ஏறிட்டேன். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுல எறங்கி விசாரிச்சு விசாரிச்சு ஆபீசக் கண்டுபுடிச்சேன். மிஸ் என்னை அடையாளம் கண்டு உக்காரச் சொன்னாங்க. யாரு எங்களப்பத்திக் கோள் சொன்னதுன்னு நான் நேராவே கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்ல அக்கா. நாங்கள் வந்த அண்டைக்கு நீங்கள் கோழிக்கறியோட சோறு தந்தனீங்கள். பீப்பாவில நிறையக் கிடக்குதெண்டும் சொன்னனீங்கள். கீழ்க்கணக்கில சீனி இல்லையெண்டு வெறும் தேத்தண்ணிதான் தந்தவை. நான் என்னத்தை எழுதுறது, சொல்லுங்கோ."

அது எந்தக் கோழின்னு சொல்லலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, சொல்ல முடியல. திரும்ப ஒரு தடவை வந்து பாருங்கன்னு மட்டும் கேட்டேன். வாறன்னாங்க. அதையும் நான் முழுசா நம்பல. தலைவி அக்காகிட்ட போய் நடந்ததச் சொன்னேன். நல்லா திட்டுச்சு, வாங்கிக்கிட்டேன்.

மிஸ் வந்தாங்க. இந்தத் தடவை வேன் இல்ல. டீசல் இல்லைன்னு பஸ்ஸுல வந்து, மேட்ட ஏறி நடந்தே வந்திருந்தாங்க. அவங்க போற வரைக்கும் தேத்தண்ணிக்குத் தவிர ஒருத்தரும் அடுப்பு பத்தவைக்கக்கூடாதுன்னு நான் காலையிலயே வீடு வீடாச் சொல்லி வச்சிருந்தேன். பீப்பா மூடியத் தொறந்து காட்டுனோம். தலைவி அக்கா சீனி இல்லாத தேத்தண்ணியக் குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணத் தொடைச்சுக்கிச்சு. எல்லாம் சரியாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு.

மிஸ் கெளம்புற நேரம் பாத்து, நெறமாச வயித்தத் தூக்கிக்கிட்டு அந்தப் பொண்ணு வாசலுக்கு வந்தா. கையில ஒரு தட்டு, அதுல அவிச்ச மரவள்ளிக்கெழங்கு. காலையில இருந்து சாப்பிடாம வந்திருக்கீங்க, இதையாவது சாப்பிட்டுட்டுப் போங்கன்னு நீட்டுனா. மிஸ் தட்டை வாங்கி, ஆறிப்போன அந்தக் கெழங்கப் பாத்தாங்க.

"இது உங்கட மத்தியானச் சாப்பாடோ தங்கச்சி?"

அவ சிரிச்சா. "இல்ல மிஸ், உள்ள நெறைய இருக்கு."

"உள்ள ஒண்ணுமே இல்ல மிஸ்," நான்தான் சொன்னேன். "அவளுக்கு இன்னைக்கு இந்தத் தட்டு மட்டுந்தான். எழுதிக்குங்க."

அவ என்னை ஒரு பார்வை பாத்தா. அப்புறம் உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா.

அடுத்த மாசமே எங்க பீப்பா நெறைஞ்சது. முதல் மூட்டை அவ வீட்டுக்குத்தான் போச்சு. கோழிக்குஞ்சும் வந்துச்சு. அவ ஆம்பளப் புள்ளையப் பெத்து நல்லபடியா வீடு வந்து சேர்ந்தா. நான் சொன்னது தப்புன்னு இன்னைக்கும் நெனைக்கல. அவ திரும்ப மலைக்குக் கொழுந்து எடுக்கப் போக ஆரம்பிச்சதும் தெனமும் காலையில புள்ளையக் காம்பராவுக்குக் கொண்டாந்தா. புள்ளைய என் கையில குடுப்பா, என் மூஞ்சிய மட்டும் பாக்கமாட்டா.